எந்தத் தூரத்துக்குக் கண்ணாடி? பார்வைக் குறைகளும் அவற்றுக்கேற்ற திருத்தமும்

ஏற்காட்டில் லேடீஸ் சீட் கைப்பிடிச் சுவரோரம் நின்று இருட்டும் நேரத்தில் கீழே பார்த்தால், சேலம் நகரம் முழுவதும் விளக்குப் புள்ளிகளாக விரிந்து கிடக்கும். அங்கே ஒரு குடும்பம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஒவ்வொரு விளக்கும் ஊதிப் பெருத்த வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிகிறது. அம்மாவுக்கு எல்லா விளக்குகளிலும் ஒரே திசையில் வால் நீண்டிருக்கிறது. அப்பாவுக்கு ஊர் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கைப்பேசியைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடிக்கிறார். பாட்டிக்கு விளக்குகளைச் சுற்றி மங்கிய ஒளிவட்டம் மட்டுமே தெரிகிறது. "கீழே பனி இறங்கிடுச்சு போல" என்கிறார். நால்வரும் பார்ப்பது ஒரே ஊரைத்தான். நால்வர் கண்ணிலும் குறை இருக்கிறது, ஆனால் அது நான்கு வெவ்வேறு குறை. மகளுக்குப் பொருந்தும் கண்ணாடி அப்பாவுக்கு உதவாது. பாட்டிக்கோ எந்தக் கண்ணாடியும் உதவாது.

கண் எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணின் முகப்பில் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் வளைந்து நிற்கும் ஒளி ஊடுருவும் படலத்துக்குக் கார்னியா என்று பெயர். அதற்குப் பின்னால் கண்மணித் துளையைத் தாண்டி விழிலென்ஸ் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளியை இவை இரண்டும் சேர்ந்து வளைத்து, பின்சுவரில் உள்ள விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கின்றன. ஒளியை வளைக்கும் இந்தத் திறனை டயாப்டர் என்னும் அலகால் அளக்கிறார்கள். நாம் 'பவர்' என்று சொல்வது அதைத்தான். கண்ணின் மொத்தப் பவர் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கார்னியாவே தருகிறது. மீதியைத் தரும் விழிலென்ஸுக்கு வேறொரு தனித்தன்மை உண்டு: கிட்டே உள்ள பொருளைப் பார்க்கும்போது அது தடித்துத் தன் பவரைக் கூட்டிக்கொள்ளும். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமிருக்கும். வளர்ந்தவர் கண் 24 மில்லிமீட்டர். வளரும் கண்ணின் நீளமும் அதன் பவரும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தால் பார்வை தெளிவாக இருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே இரண்டரை டயாப்டருக்கு மேல் கணக்கு மாறிவிடும் என்பதால், பார்வைக்குறை இத்தனை பேருக்கு வருவதில் வியப்பில்லை.

கண் தன் பவருக்குப் பொருந்தாத அளவு நீண்டுவிட்டால் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. மகளுக்கு இருக்கும் கிட்டப்பார்வை இதுதான். இதைத் திருத்துவது மைனஸ் லென்ஸ். இந்தப் பெயரிலேயே பலர் தடுமாறுகிறார்கள். "எனக்குத் தூரப்பார்வை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர், தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். எது நன்றாகத் தெரிகிறதோ அதை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்: கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கிட்டே இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது தெரியாது. எதுவரை தெரியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு மீட்டரைப் பவரின் எண்ணால் வகுத்தால் போதும். மைனஸ் 2 பவர் உள்ளவருக்குக் கண்ணாடியில்லாமல் அரை மீட்டர் வரை தெளிவாகத் தெரியும்; மைனஸ் 4 என்றால் 25 சென்டிமீட்டர் வரைதான். டயாப்டர் என்பதே தூரத்தைத் தலைகீழாக எழுதும் முறைதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இருட்டில் கண்மணி விரிவதால் தெளிவின்மையும் பெரிதாகிறது. பகலில் சமாளித்துவிடும் சிறிய மைனஸ் பவர் இரவில் ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டும்போது ஆபத்தாக மாறுவது இதனால்தான்.

பிள்ளைகளின் கிட்டப்பார்வையைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தை தனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லாது. தெரியாமல் இருப்பதே அதற்கு வழக்கமான உலகம். பழைய பேருந்து நிலையத்தில் பேருந்து அருகில் வந்து நின்ற பிறகே பலகையைப் படிப்பது, கரும்பலகையில் உள்ளதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பது, தொலைக்காட்சிக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து போய் உட்காருவது ஆகியவைதான் அடையாளங்கள். கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று அஞ்சி, வாங்கிய கண்ணாடியை அலமாரியில் வைத்துவிடும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பவர் ஏறுவது கண் வளர்வதால், கண்ணாடியால் அன்று. வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்தால் ஏற்றம் நின்றுவிடும் என்ற எண்ணமும் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. உண்மையில் பயன் தருவது, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது. பவர் விரைவாக ஏறும் பிள்ளைகளுக்குக் குறைந்த செறிவுள்ள அட்ரோபின் சொட்டு மருந்தும், ஏற்றத்தைக் கட்டுப்படுத்தவென்றே செய்யப்பட்ட லென்ஸ்களும் இருக்கின்றன. அவற்றைக் கண் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டம் தமிழகத்தில் இருப்பதால், பணமில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் பார்வையைத் தள்ளிப்போட வேண்டிய தேவையில்லை.

இரண்டு கண்களில் ஒன்றுக்கு மட்டும் பவர் அதிகமாக இருந்தால், மூளை அந்தக் கண்ணின் மங்கலான படத்தை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் பயன்படுத்தப் பழகிக்கொள்ளும். இதைச் சோம்பல் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்துப் பழக்கி, பெரும்பாலும் மீட்டுவிடலாம். வயது ஏற ஏற அது கடினமாகிக்கொண்டே போகும். மாறுகண்ணும் சோம்பல் கண்ணில் முடியலாம். ஆனால் மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி அப்படியே விட்டுவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த அதிர்ஷ்டத்துக்கு விலை, குழந்தையின் ஒரு கண்ணாக இருக்கக்கூடும். பள்ளியில் சேர்க்கும் முன்பே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பரிசோதித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தூரப்பார்வை இதற்கு எதிரானது. கண்ணின் நீளம் குறைவாக இருப்பதால் ஒளி விழித்திரையை எட்டும்போதும் குவிந்திருக்காது. இளம் வயதில் விழிலென்ஸ் தடித்துக் குறையை ஈடுகட்டிவிடும் என்பதால், அட்டையில் எல்லா எழுத்தையும் படித்துவிடுவார்கள். ஆனால் மாலையில் தலைவலியும் படிப்பதில் சலிப்பும் வரும். இவர்களுக்கு வேண்டியது பிளஸ் லென்ஸ். சிறுவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு, லென்ஸின் தசையைத் தளர்த்திய பிறகு அளந்தால்தான் உண்மையான பவர் தெரியும்.

லேடீஸ் சீட்டில் நின்ற அம்மாவுக்கு இருப்பது சிதறல் பார்வை. சிலிண்டர் பவர் என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். இதைப் புரிந்துகொள்ளச் சேலத்துக்காரர்களுக்கு மாம்பழமே போதும். குண்டு மாம்பழத்தின் மேல் எந்தத் திசையில் விரலை ஓட்டினாலும் வளைவு ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். கிளிமூக்கு மாம்பழத்தில் நீளவாட்டில் ஓட்டினால் வளைவு மெதுவாகவும், குறுக்குவாட்டில் ஓட்டினால் சட்டென்றும் இருக்கும். கார்னியா குண்டு மாம்பழம்போல் இல்லாமல் கிளிமூக்குபோல் அமைந்துவிட்டால், ஒரு திசையில் வரும் ஒளி ஓரிடத்திலும் மற்றொரு திசையில் வரும் ஒளி வேறோரிடத்திலும் குவிகிறது. புள்ளி கோடாக இழுபடுகிறது. ஆகவே இதற்கான லென்ஸில் பவர் ஒரு திசையில் மட்டும் இருக்கும். அதற்குச் செங்குத்தாக, பவர் இல்லாமல் இருக்கும் திசையை 1 முதல் 180 வரையுள்ள கோணத்தால் குறிப்பார்கள். ஃப்ரேமில் லென்ஸ் சற்றுச் சுழன்று பொருத்தப்பட்டால்கூட, இருக்கும் சிதறலோடு புதிய சிதறலும் சேர்ந்துகொள்ளும். இளம் வயதில் சிலிண்டர் பவர் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தால், கார்னியா கூம்புபோல் முன்னால் பிதுங்கும் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை அந்தப் பழக்கத்திலிருந்து மீட்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அப்பாவின் குறை. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வந்தே தீரும் இதற்கு வெள்ளெழுத்து என்று தமிழில் அழகான பெயர் இருக்கிறது. கறுப்பு எழுத்து வெளிறித் தெரிகிற அனுபவமே பெயராகியிருக்கிறது. விழிலென்ஸ் ஆண்டுதோறும் இறுகிக்கொண்டே வந்து, கிட்டப் பார்க்கும்போது தடிக்கும் ஆற்றலை இழக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் லென்ஸ் பன்னிரண்டு டயாப்டருக்கு மேல் கூட்டிக்கொள்ளும். அறுபது வயதில் ஒரு டயாப்டர் மிஞ்சினாலே அதிகம். இது நோயன்று, நரை மாதிரி. ஆனால் கையை நம்பிப் பிழைக்கும் மனிதருக்கு இது என்ன செய்யும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் பெரியப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். வெள்ளிக் கம்பியை வளைத்த சிறு வளையங்களைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, ஒவ்வொரு கண்ணியின் வாயிலும் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது அவர் வேலை. கடுகளவு இடைவெளி விட்டாலும் கொலுசு அந்த இடத்தில் அறுந்துவிடும். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் அவர் பொடிக் கண்ணி வேலையை இளையவர்களிடம் ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கினார். கூலி குறைந்தது. "கை போயிருச்சு கண்ணு, இனிமே பொடி வேல நமக்கு ஆகாது" என்று என்னிடம் சொன்னபோது அவர் அதை முழுவதுமாக நம்பினார். கண் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. காரணம், கடையில் ஆயத்தமாகத் தொங்கிய பிளஸ் 1.50 கண்ணாடி ஒன்றை வாங்கியிருந்தார், அதைப் போட்டால் செய்தித்தாள் அச்சுப் பிசகாமல் தெரிந்தது.

அவரை ஒரு பார்வைப் பரிசோதகரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா அட்டையைப் படிக்கச் சொன்னதோடு நிறுத்தவில்லை. "பட்டறையில எப்படி உட்காருவீங்கண்ணா, அப்படியே உட்கார்ந்து காட்டுங்க" என்றார். பெரியப்பா சட்டைப்பையிலிருந்து அரைகுறையாகக் கோத்த கொலுசுத் துண்டு ஒன்றை எடுத்து, தோள் குனிந்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பிடித்தார். அவர் புருவத்திலிருந்து அந்தக் கண்ணிவரை இஞ்ச் டேப்பைப் பிடித்தார் அந்த அம்மா. பத்து அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர்.

முன்பு சொன்ன கணக்கு இங்கேதான் உதவுகிறது. 40 சென்டிமீட்டரில் பிடிக்கும் செய்தித்தாளுக்கு ஒரு மீட்டரை வகுத்தால் 2.50 டயாப்டர் வேண்டும். 25 சென்டிமீட்டரில் பிடிக்கும் கொலுசுக்கு 4.00 டயாப்டர் வேண்டும். பெரியப்பாவின் கண்ணில் எஞ்சியிருந்த ஆற்றல் இரண்டு டயாப்டர். களைப்பில்லாமல் நாள் முழுவதும் பயன்படுத்தக்கூடியது அதில் பாதி, அதாவது ஒன்று. ஆகவே செய்தித்தாளுக்கு 1.50 கண்ணாடி போதும்; கொலுசுக்கு 3.00 வேண்டும். அவர் செய்தித்தாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொலுசு செய்ய முயன்றிருக்கிறார். 3.00 கண்ணாடி வந்த நாளில் பட்டறைக்குப் போனவர் இரவு எட்டு மணிக்குத்தான் எழுந்தார் என்று பெரியம்மா சொன்னார். அதே கண்ணாடியில் செய்தித்தாள் மங்கலாகத் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த லென்ஸ் 33 சென்டிமீட்டருக்கு அப்பால் உதவாது. அவருக்கு இரண்டு கண்ணாடி தேவைப்பட்டது. இரண்டுமே சரியான கண்ணாடிகள்தான்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புவதும் இதுதான்: கண்ணாடியின் பவர் கண்ணுக்கு மட்டும் உரியதன்று, வேலை நடக்கும் தூரத்துக்கும் உரியது. அம்மாப்பேட்டையில் தறியில் உட்காரும் நெசவாளர் இழையை அரை மீட்டர் தள்ளிப் பார்க்கிறார் என்றால், பெரியப்பாவின் வயதில் அவருக்குப் பிளஸ் 1.00 போதும். அறிவிப்புப் பலகையையும் எதிரே வரும் வண்டியையும் பார்க்கும் ஓட்டுநருக்குத் தூரப் பவர்தான் முதன்மை. கணினி முன் உட்காருபவரின் திரை 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. வாசிப்புக் கண்ணாடியோடு அதைப் பார்க்க முயன்று கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். பரிசோதனைக்குப் போகும் முன் உங்கள் வேலையின் தூரத்தை ஒரு இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டு போங்கள். முடிந்தால் அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டு போங்கள்.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் இரண்டு பவர் தேவைப்படுபவர்களுக்கு வழிகள் சில உண்டு. இரண்டு தனித்தனிக் கண்ணாடிகள் வைத்துக்கொள்வது ஒன்று. ஒரே லென்ஸின் கீழ்ப்பகுதியில் வாசிப்புப் பவரைப் பதித்த பைஃபோக்கல் இன்னொன்று. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இல் எழுதிய கடிதத்திலேயே இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கோடு தெரியாமல், மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸ் மூன்றாவது. 1959-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. புரோகிரசிவில் தூரம், கணினி, புத்தகம் மூன்றும் கிடைக்கும். ஆனால் பக்கவாட்டில் பார்வை நெளியும், கண்ணைத் திருப்பாமல் தலையைத் திருப்பப் பழக வேண்டும். பைஃபோக்கலோ புரோகிரசிவோ போட்டு முதல் வாரத்தில் படி இறங்கும்போது, கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால் படி மங்கி, இருக்கும் இடத்துக்கு மேலே இருப்பதுபோல் தோன்றும். வயதானவர்களுக்கு இதைச் சொல்லாமல் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பக் கூடாது. கோயில் படிகளில் இறங்கும்போது தாடையைத் தாழ்த்தி, லென்ஸின் மேற்பகுதி வழியாகக் காலடியைப் பார்க்கப் பழக்க வேண்டும்.

பாட்டிக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது என்றேன். அவருடைய விழிலென்ஸே கலங்கிவிட்டது, அதுதான் கண்புரை. கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை உள்ளே வைக்கும் அறுவை சிகிச்சை ஒன்றே அதற்குத் தீர்வு. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காமல் உள்ளேயே கிடந்ததைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர், 1949-இல் முதன்முதலாகச் செயற்கை லென்ஸை ஒரு மனிதக் கண்ணில் வைத்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992 முதல் அந்த லென்ஸை இங்கேயே செய்து விலையைப் பெரிதும் குறைத்தது. "புரை முற்றட்டும்" என்று காத்திருந்தது பழைய காலத்து அறுவை முறைக்கு உரியது. இன்று அன்றாட வேலைக்கு இடையூறு வந்தாலே செய்துகொள்ளலாம், மிகவும் முற்றவிடுவதுதான் சிக்கல். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கண்ணாடி போட்டுப் படித்த பாட்டி திடீரென்று ஒரு நாள் கண்ணாடி இல்லாமல் பஞ்சாங்கம் படிக்கத் தொடங்கினால் வீடே மகிழும். பெரும்பாலும் அது கண் தேறியதன் அடையாளமன்று. புரையால் லென்ஸின் நடுப்பகுதி இறுகி, மைனஸ் பவர் கூடியிருக்கிறது. தூரத்தில் இருப்பது அவருக்குத் தெரிகிறதா என்று அப்போதே சோதித்துவிடுங்கள்.

குறை பவரைச் சேர்ந்ததா, கண்ணின் நோயைச் சேர்ந்ததா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தடித்த அட்டையில் ஊசியால் ஒரு துளையிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் அந்தத் துளை வழியாகத் தூரத்து எழுத்தைப் பாருங்கள். மங்கலாக இருந்தது தெளிந்தால் குறை பெரும்பாலும் பவரில் இருக்கிறது, கண்ணாடியால் சரியாகும். தெளியாவிட்டால் புரையோ விழித்திரை நோயோ வேறொன்றோ இருக்கலாம். கண்ணாடிக் கடைக்குப் போகாமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். துளை வழியாகத் தெளிவாகத் தெரிந்துவிட்டது என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) பெரும்பாலும் வலியே இல்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். நடுப்பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும். நாற்பது வயதுக்குப் பிறகு பவரோடு கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண்மணியை விரியவைத்து விழித்திரையைக் காட்ட வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நாள்களில் லென்ஸின் பவரும் கூடவே மாறும் என்பதால், அது கட்டுக்குள் வந்து சில வாரங்கள் ஆன பிறகே புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்க வேண்டும். மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, திடீரென்று மிதக்கும் கரும்புள்ளிகள், ஒரு பக்கம் திரை இறங்குவதுபோன்ற இருள் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது.

பரிசோதனைச் சீட்டைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. 6/6 என்பது, 6 மீட்டரில் நின்று படிக்க வேண்டிய எழுத்தை 6 மீட்டரிலேயே படித்தீர்கள் என்று பொருள். 6/12 என்றால், நல்ல கண் 12 மீட்டரிலிருந்தே படித்துவிடும் எழுத்துக்கு நீங்கள் 6 மீட்டர்வரை நெருங்கி வர வேண்டியிருக்கிறது. இந்த அட்டையை நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்னெல்லன் 1862-இல் உருவாக்கினார். சீட்டின் கட்டங்களில் முதலாவது கிட்டப்பார்வைக்கோ தூரப்பார்வைக்கோ உரிய பவர், இரண்டாவது சிலிண்டர், மூன்றாவது அதன் கோணம், 'ஆட்' என்று தனியாக இருப்பது வெள்ளெழுத்துக்காகக் கூட்டும் பவர். மைனஸ், பிளஸ் அடையாளங்களை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். கடைகளின் பெயர்ப்பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் கம்ப்யூட்டர் பரிசோதனை ஒரு தொடக்க அளவு மட்டுமே. எந்திரம் சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் முடிவான பவரை எழுத வேண்டும். கேள்வியே கேட்காமல் எழுதித் தரும் இடத்தில் கண்ணாடி செய்யாதீர்கள்.

கடையில் பவருக்கு அடுத்தபடியாக முக்கியமானது இரு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரம். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக இருக்க வேண்டும். பவர் அதிகமானால் சில மில்லிமீட்டர் விலகினாலும் தலைவலி வரும். முகத்துக்குப் பொருந்தாத அகன்ற ஃப்ரேமை நாகரிகத்துக்காக வாங்கும்போது இந்த மையம்தான் முதலில் பலியாகிறது. பிள்ளைகளுக்கும், பற்றவைப்பு, கடைசல், கல் உடைப்பு வேலை செய்பவர்களுக்கும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் வேண்டும். வேலையின்போது பக்கக் காப்புள்ள தனிப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும் என்பதால், காப்பித் தோட்டங்களில் வெயிலில் நிற்பவர்களுக்குத் தொப்பியும் புற ஊதாக் கதிரை முழுவதும் தடுக்கும் கண்ணாடியும் பயனுள்ளவை. கண்ணின் வெள்ளையிலிருந்து கருவிழி மேல் படரும் சதை வளர்ச்சிக்கு இந்தக் கதிரும் ஒரு காரணம். நீல ஒளி தடுக்கும் பூச்சுக்குக் கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள். 17 சோதனைகளைத் தொகுத்துக் கோக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2023-இல் வெளியிட்ட மறுஆய்வு, கணினி வேலையால் வரும் கண் களைப்பை அது குறைப்பதாகக் காணவில்லை. திரை முன் கண் எரிவதற்குப் பெரிய காரணம், இமைப்பது குறைந்து கண் உலர்வதுதான். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்ப்பதும், நினைவு வைத்து இமைப்பதும் செலவில்லாத வழிகள்.

கான்டாக்ட் லென்ஸ் அதிகப் பவர் உள்ளவர்களுக்கும், இரு கண்ணுக்கும் பவர் வேறுபாடு பெரிதாக உள்ளவர்களுக்கும் கண்ணாடியைவிட இயல்பான பார்வை தரும். ஆனால் அது கார்னியாவைத் தொட்டுக்கொண்டு இருக்கும் பொருள். கையைச் சோப்பால் கழுவித் துடைக்காமல் தொடக் கூடாது. குழாய்த் தண்ணீர் லென்ஸில் படக் கூடாது, அதிலுள்ள ஒருவகை அமீபா கார்னியாவைப் புண்ணாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும். போட்டுக்கொண்டு தூங்கவும் கூடாது. மெட்ராஸ் ஐ வந்தால் முழுவதும் குணமாகும்வரை கண்ணாடிக்குத் திரும்பிவிட வேண்டும். புழுதியிலும் நெருப்பருகிலும் வேலை செய்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பவரைக் குறைக்கும் லேசர் சிகிச்சையின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய ரங்கசாமி சீனிவாசன், 1981-இல் விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பையும் குருத்தெலும்பையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், எக்சைமர் லேசர் சதையைக் கருக்காமல் நுட்பமாகச் சீவுவதைத் தம் தோழர்களோடு சேர்ந்து கண்டார். அந்த நுட்பத்தால்தான் இன்று அரை மில்லிமீட்டர் கனமே உள்ள கார்னியாவைச் செதுக்கி வளைவை மாற்றுகிறார்கள். பதினெட்டு வயது கடந்து, ஓராண்டாவது பவர் மாறாமல் இருந்து, கார்னியா போதிய கனத்தோடும் கூம்பாகாமலும் இருந்தால்தான் செய்துகொள்ளலாம். விளம்பரங்கள் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். மைனஸ் 3 பவர் உள்ள நாற்பத்தைந்து வயதுக் கொலுசுத் தொழிலாளி கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்டிமீட்டரிலும் அதற்கு உள்ளேயும் தெளிவாகத் தெரியும். வெள்ளெழுத்து வந்தும் அவர் கண்ணாடியில்லாமலே கண்ணி கோக்கிறார். லேசரால் அவர் பவரைச் சுழியமாக்கினால் பேருந்துப் பலகை தெரியும், கொலுசு மறைந்துவிடும். தூரத்துக்குக் கண்ணாடியை விட்டதற்குப் பதிலாகக் கிட்டத்துக்குக் கண்ணாடி வரும். வேலைக்கு எந்தத் தூரம் வேண்டும் என்று கேட்காமல் லேசரையும் முடிவு செய்யக் கூடாது.

புதுக் கண்ணாடி வந்ததும் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு லென்ஸ் வழியாகச் சன்னல் சட்டத்தைப் பார்த்து, கண்ணாடியை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். சட்டமும் வலப்பக்கமே நகர்ந்தால் அது மைனஸ் லென்ஸ். எதிர்ப்பக்கம் போனால் பிளஸ். கண்ணாடியை வட்டமாகச் சுழற்றும்போது சட்டம் சாய்ந்து நெளிந்தால் சிலிண்டர் இருக்கிறது. சீட்டில் எழுதியிருப்பதோடு இது ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். முதல் சில நாள்கள் தரை மேடு பள்ளமாகவும் கதவு சாய்வாகவும் தோன்றுவது இயல்பு, குறிப்பாகச் சிலிண்டர் பவர் மாறியிருந்தால். இரண்டு வாரம் தொடர்ந்து போட்டும் தலைவலியோ இரட்டைப் பார்வையோ நீங்காவிட்டால் கடைக்கே எடுத்துப் போய், லென்ஸோமீட்டரில் வைத்துப் பவரையும் கோணத்தையும் மையத்தையும் உங்கள் கண்முன்னே சரிபார்த்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தால், அதே கண்ணாடியோடும் பழைய கண்ணாடியோடும், உங்கள் வேலைப் பொருளோடும் பரிசோதகரிடம் திரும்பப் போங்கள்.